பையைத் தூக்கு, இரண்டாம் பாகம்

சாகவில்லை அம்மா, நான் சாகவில்லை. இப்படி ஒடுங்காதே, நன்றாக உட்கார். வத்தலக்குண்டில் பஸ் ஏறினதிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதும் உன் போனைப் பார்ப்பதுமாக வருகிறாய். கேட்க வாயெடுக்கிறாய், மூடிக்கொள்கிறாய். நானே சொல்லிவிடுகிறேன். இப்போது தியேட்டரில் ஓடுகிறதே அந்தப் படம், அதில் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கிற பொம்பளை நான்தான். பெயர் சவேரியம்மாள். வேண்டுமென்றால் கையைத் தொட்டுப் பார், சூடாகத்தான் இருக்கும். இரண்டு நாளாகச் சளி, வேறொன்றும் இல்லை.

பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, முதுகில் மூட்டையோடு, அந்தப் பையன் உன்னோடு வந்தவனா? சரி. அது இருக்கட்டும். அப்புறம் கேட்கிறேன்.

நீயும் படத்தைப் பார்த்துவிட்டாய் இல்லையா? எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பார்க்கும்படி அதில் என்ன இருக்கிறது சொல். ஐந்து கழுதைகள் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகின்றன. ஒருவன் பாத்ரூமில் மாட்டிக்கொள்கிறான். ஒருவனுக்கு முக்கியமான இடத்தில் பேன்ட் கிழிகிறது. ஒருத்தி ராத்திரி தப்பான கதவைத் திறந்துகொண்டு தப்பான போர்வைக்குள் போய்ப் படுக்கிறாள். இதற்குப் பெயர் கதை. இது முதல் பாகம். இரண்டாம் பாகத்தில் அதே ஐந்து கழுதைகள், அதே மூட்டை, கொஞ்சம் தொந்தி. முதல் பாகத்தில் ஜட்டி மட்டும் ஏழு இடத்தில் வருகிறது. நான் எண்ணவில்லை. தானாகக் கணக்கு மனசில் நின்றுவிட்டது.

அந்த முதல் பாகத்தை நான் இடைவேளை வரைதான் பார்த்தேன். அப்புறம் இன்னொரு நாள் இடைவேளைக்குப் பிறகு பார்த்தேன். நம்மைப் பற்றி என்ன எடுத்து வைத்திருக்கிறான் என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான்.

எங்கள் வீடு வட்டக்கானல் போகிற பாதையில் சரிவில் இருக்கிறது. மேலே நாங்கள், கீழே சுற்றுலா வருகிறவர்களுக்கு இரண்டு ரூம். என் வீட்டுக்காரர் அமிர்தராஜ் ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரராக இருந்தார். முப்பது வருடம் செடிகளோடு பேசிப் பழகின மனிதர். செடி திருப்பிப் பேசாது. அதனால் மனுஷர்களோடு அவருக்குப் பேச வராது. ரூமுக்கு வருகிறவர்களை விசாரிப்பது, உள்ளே விடுவது, வெளியே தள்ளுவது எல்லாம் நான்தான்.

நான் ஆறாவதோடு நின்றவள். ஆனால் ஆளைப் பார்த்தால் சொல்லிவிடுவேன். மற்ற வீடுகளில் ஜோடியாக வந்தால் ஆதார் அட்டை கேட்பார்கள். அட்டையில் என்ன தெரியும்? கழுத்தைப் பார்ப்பார்கள், கால்விரலைப் பார்ப்பார்கள். மஞ்சள் கயிறும் மெட்டியும் பஸ் ஸ்டாண்டு கடையிலேயே விற்கிறான். நான் மாமியார் பெயர் கேட்பேன். பையனை முற்றத்தில் மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பெண்ணை உள்ளே கூப்பிட்டு, "உன் மாமியார் பேரு என்ன?" என்பேன். அப்புறம் வெளியே போய் அவனிடம், "உங்க அம்மா பேரு என்ன?" இரண்டும் ஒத்துவந்தால் சாவி. இல்லையென்றால் வந்த வழி.

இதைக் கேட்டால் எல்லாரும் சிரிக்கிறார்கள். நீயும் சிரிக்கிறாய். சூட்சுமம் பெயரில் இல்லை, தெரிந்துகொள். பெயரை இப்போதெல்லாம் மலை ஏறும்போதே பேசி வைத்துக்கொண்டு வருகிறார்கள். முகத்தில் இருக்கிறது. நிஜமாகக் கல்யாணம் ஆனவள் மாமியார் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு முகம் வைப்பாள். வேப்பங்கொழுந்து மென்ற மாதிரி உதடு ஒரு பக்கம் போகும், கண் ஒரு தடவை மூடித் திறக்கும். அப்புறம்தான் பெயர் வரும். எவ்வளவு நல்ல மாமியாராக இருந்தாலும் அந்த முகம் வரும். கல்யாணம் ஆகாதவள் வாய்ப்பாடு மாதிரி டக்கென்று சொல்வாள். இருபது வருடத்தில் நான் ஏமாந்ததே இல்லை.

அந்த ஐந்து பேர் வந்தது அஞ்சு வருடத்துக்கு முன்னால், ஒரு நவம்பரில். மூன்று பையன்கள், இரண்டு பெண்கள். ஆளுக்கொரு மூட்டை, ஆளே உள்ளே படுத்துக்கொள்ளலாம் அவ்வளவு பெரிசு. "நாங்க ஃபிரெண்ட்ஸ் ஆன்ட்டி" என்றான் அதில் ஒருவன், ஒல்லியாக, நாணல் மாதிரி இருந்தான். பெயர் நிவேதன். ஃபிரெண்ட்ஸுக்கு என்ன மாமியார் பெயர் கேட்பது? பெண்களுக்கு ஒரு ரூம், பையன்களுக்கு ஒரு ரூம் என்று சாவி கொடுத்தேன்.

வந்த அன்றைக்கே அந்த நிவேதன் என் பின்னாலேயே சமையற்கட்டுக்கு வந்து, ரகசியமாக, "ஆன்ட்டி, இங்க காளான் கிடைக்குமாமே" என்றான். கிடைக்கும் தம்பி என்றேன். "நீங்களே ஏற்பாடு பண்ணுவீங்களா?" பண்ணுகிறேன் என்றேன். மார்க்கெட்டில் வாங்கி, மிளகு தட்டிப் போட்டு, நல்ல குழம்பாக வைத்துக் கொடுத்தேன். ஐந்து பேரும் ஒரு சட்டி குழம்பையும் குடித்துவிட்டு, புல்லில் வரிசையாக மல்லாந்து படுத்துக்கொண்டார்கள். மேகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒருத்தி, "எனக்கு கலரெல்லாம் தெரியுதுடா" என்கிறாள். இரண்டு மணி நேரம் அப்படிக் கிடந்தார்கள். மிளகு அதிகமாகிவிட்டதோ என்று நான் பயந்துபோனேன். அவர்கள் கேட்டது போதைக் காளான் என்று எனக்கு எப்படித் தெரியும்? படம் பார்த்தபோதுதான் தெரிந்தது. தியேட்டரே உருண்டு சிரிக்கிறது. என் குழம்பைத் தின்றுவிட்டு மயங்கின மாதிரி படுத்திருந்த முட்டாள்கள் அவர்கள், ஆனால் சிரிப்பு என்னைப் பார்த்து.

மறுநாள் சாயங்காலம் ஏழு மணி இருக்கும். பெண்கள் ரூமில் விளக்கில்லை, பையன்கள் ரூமில் ஐந்து பேர் சத்தம். நடுவில் ஒரு பாட்டிலைப் படுக்க வைத்துச் சுற்றுகிறார்கள். அது யார் பக்கம் போய் நிற்கிறதோ அவர்கள் ஒரு துணியைக் கழற்ற வேண்டும். இது ஒரு விளையாட்டாம். முதலில் ஸ்வெட்டர். அப்புறம் சாக்ஸ், ஒவ்வொரு காலாக. அந்த நிவேதன் பக்கம்தான் பாட்டில் அதிகம் நின்றது, பாவம், நெஞ்சில் ஒரு முடி கிடையாது, எலும்பை எண்ணிவிடலாம். பெண்களில் கறுப்பாக இருந்தவளுக்கு இடது தோளில் ஒரு பல்லி பச்சை குத்தியிருந்தது.

என்ன பார்க்கிறாய்? சத்தம் வருமே. சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. போய்க் கதவை இடித்துத் திறந்தேன். "இது குடும்பம் இருக்கிற இடம். பையைத் தூக்கு" என்றேன். அவர்கள் தூக்கவில்லை, நான் தூக்கினேன். ஐந்து மூட்டையையும் ஒவ்வொன்றாகச் சரிவில் உருட்டிவிட்டேன். ஒன்று கீழே முட்டைக்கோஸ் பாத்தியில் போய் வெடித்தது. உள்ளிருந்த துணியெல்லாம் காற்றில் பறந்து, ஒரு சின்னத் துணி, சிவப்பு, லேஸ் வைத்தது, மாதா கெபியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அதை எடுக்க நான் பட்ட பாடு. கையால் எடுக்கவும் கூசியது, விடவும் முடியவில்லை. கடைசியில் துறட்டியால் எடுத்தேன்.

அந்த நாணல்தான் போய்ப் படம் எடுத்தவன். பெயர் "பையைத் தூக்கு". என் வாயிலிருந்து வந்த வார்த்தை. மாமியார் பெயர் கேட்பது இருக்கிறது, காளான் இருக்கிறது, சிவப்புத் துணி இருக்கிறது. வீட்டுக்காரம்மாவாக ஒரு நடிகையைப் போட்டு, கொண்டையில் பென்சில் சொருகி விட்டிருந்தான். நான் என்றைக்கு பென்சில் சொருகினேன்? அதைக்கூட விட்டுவிட்டேன். அந்த பாட்டில் விளையாட்டு வரும்போது, அந்தப் பொம்பளை வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாள். வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறாள். வாளி சறுக்கி மாட்டுச் சாணத்தில் விழுகிறாள்.

எட்டிப் பார்க்கிறாளாம். என் வீட்டில் மாடே கிடையாது. வாளியும் ஓட்டை வாளி, ஏறினால் தாங்காது. ஜன்னலுக்குக் கீழே ஒரு கல்தான் கிடக்கிறது. அது எப்போதும் கிடக்கிற கல்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. ஜீப்காரர்கள் என்னைப் பார்த்தால் ஹாரன் அடித்துவிட்டு, "அம்மா, மாமியார் பேரு என்ன?" என்று கத்துவார்கள். அது பரவாயில்லை. கேட்கிறதுதானே, கேட்டேன். கோயிலில் பாடல் குழுப் பெண்கள் நான் போனால் ஜன்னலைச் சாத்துகிற மாதிரி சைகை காட்டிச் சிரித்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது என் மகள் வீட்டில் நடந்தது.

ஜெனோவா என் ஒரே மகள். வத்தலக்குண்டில் கட்டிக் கொடுத்திருக்கிறது. இன்றைக்கு அங்கிருந்துதான் வருகிறேன். அவள் மாமியார் ஜெயராணி ஒரு டீச்சர். சிரித்துக்கொண்டே ஊசி ஏற்றுகிற பொம்பளை. படம் வந்த அந்த மாதம் நான் போனேன், பேத்திக்கு ஸ்வெட்டர் பின்னி எடுத்துக்கொண்டு. காப்பி கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "சம்பந்தி, நீங்க வர்றீங்கன்னதும் பாத்ரூம் ஜன்னலுக்கு அட்டை ஒட்டிட்டேன். தப்பா நினைக்காதீங்க, தமாஷுக்குத்தான்" என்றாள். போய்ப் பார்த்தேன். நிஜமாகவே அட்டை ஒட்டியிருந்தது, நான்கு பக்கமும் டேப் போட்டு.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஜெனோவா வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. போனில் கேட்டால், "அந்த வீட்டுக்கா போறன்னு இவங்க கேக்குறப்ப எனக்கு எப்படிம்மா இருக்கும்? என் பிள்ளையை அந்த ஜன்னல் வீட்டுப் பேத்தின்னு கூப்பிடுறாங்க. அதை மாத்தச் சொல்லு, நான் வர்றேன்" என்றாள். ஓடி முடிந்த படத்தை எப்படி மாற்றுவது? நானும் போனை வைத்துவிட்டேன். மூன்று வருடம் என் பேத்திக்கு நான் பின்னின ஸ்வெட்டர் எல்லாம் பார்சலில்தான் போனது. அளவு சரியாக இருந்ததா என்றுகூட ஒரு வார்த்தை வரவில்லை.

அப்போதுதான் வருகிறான் அந்த நாணல். இப்போது தாடி வைத்திருக்கிறான். பெரிய கார். முற்றத்தில் நின்று, "அம்மா, ரெண்டாம் பாகம் எடுக்கிறோம். உங்க வீடு வேணும்" என்றான். முன்னே ஆன்ட்டி, இப்போது அம்மா. அந்த நடிகை பெரிய ஆளாகிவிட்டாளாம், வர மாட்டேன் என்றுவிட்டாளாம். "நீங்களே நடிங்கம்மா. ஒரிஜினலே இருக்கப்ப டூப்ளிகேட் எதுக்கு?" என்று குழைந்தான்.

துடைப்பத்தை எடுத்திருப்பேன். ஜெனோவா ஞாபகம் வந்தது. "நடிப்பெல்லாம் இருக்கட்டும் தம்பி. அந்த ஜன்னலை மாத்தணும். நான் எட்டிப் பாக்கலைன்னு படத்துல வரணும். எல்லாருக்கும் கேக்குற மாதிரி வரணும். அப்பத்தான் வீடு" என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். "அன்னைக்கு ஜன்னல்ல நீங்க நின்னீங்கல்ல?"

"கரண்ட் போச்சு. மெழுகுவத்தி குடுக்க வந்தேன்."

"கரண்ட் போகலையேம்மா. ஸ்பீக்கர்ல பாட்டு ஓடிட்டு இருந்துச்சே."

என் வீட்டுக்காரர் ரோஜாச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவர், இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார். அந்தப் பையன் என்னைப் பார்த்தான், செடியைப் பார்த்தான், கெபியைப் பார்த்தான். அப்புறம், "சரிம்மா. கரண்ட் போச்சு" என்றான்.

பொய் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

பன்னிரண்டு நாள் வீட்டில் கூத்து. கரடி மாதிரி ஆட்கள் வயரை இழுத்துக்கொண்டு அலைகிறார்கள். என் பாகற்கொடியைப் பிய்த்து எறிந்துவிட்டு பிளாஸ்டிக் பூங்கொடி கட்டினார்கள். அந்தக் கதாநாயகி அரை டிரவுசரில் கெபிக்கு எதிரே நின்று சிகரெட் பிடிக்கிறாள். நான் போய் ஒரு துண்டை இடுப்பில் கட்டி விட்டேன். படம் பிடிக்கிறவன் "கட்" என்று கத்துகிறான். கத்தட்டும். மாதாவுக்கு முன்னால் எனக்கு அவன் யார்?

நான் இரண்டு நாள் நடித்தேன். ஐந்து பேரும் மறுபடி மூட்டையோடு வந்து நிற்பார்கள், நான் கதவைத் திறந்து திட்ட வேண்டும். எழுதிக் கொடுத்ததெல்லாம் சப்பை. "இதெல்லாம் ஒரு வசவா?" என்று கேட்டுவிட்டு நானே பேசினேன். ஒரே தடவையில் பேசினேன், அவர்கள்தான் முப்பது தடவை எடுத்தார்கள். அந்தக் கதாநாயகி ஏழாவது தடவை அழுதுவிட்டாள். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதாள், மூக்கெல்லாம் ஒழுகி. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறேன் என்று வைத்துக்கொள். முடிந்ததும் ஒருத்தன் என்னைச் சுவரோரம் நிறுத்தி, "கொஞ்சம் சிரிங்கம்மா, அடையாள அட்டைக்கு" என்று ஒரு போட்டோ எடுத்தான். நானும் பல் தெரியாமல் சிரித்தேன்.

படம் முந்தாநாள் வந்தது. வத்தலக்குண்டுக்குப் போய் ஜெனோவாவையும், சம்பந்தி ஜெயராணியையும் நானே கூட்டிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரரும் வந்தார். வர மாட்டேன், வயிறு சரியில்லை என்றார், இழுத்துக்கொண்டு போனேன். தியேட்டர் நிறைந்து கிடக்கிறது. எல்லாம் உன் வயசுப் பிள்ளைகள். விசில். நான் நடுவில், இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் சம்பந்தி.

ஐந்து கழுதைகளும் சரிவில் ஏறி வருகின்றன. என் வீடு தெரிகிறது. ஒரே கைதட்டல். கதவைத் தட்டுகிறார்கள். இப்போது நான் திறக்க வேண்டும். கதவு திறக்கிறது, என் வீட்டுக்காரர் நிற்கிறார். கன்னத்தில் நாலு நாள் தாடி. வேட்டி அழுக்கு. "அம்மா இல்லையா?" என்று கேட்கிறான் ஒருவன். இவர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக வழி விடுகிறார். சுவரில் நான். பல் தெரியாத சிரிப்பு. கழுத்தில் ரோஜா மாலை, கீழே ஊதுபத்தி.

ஞாயிற்றுக்கிழமை அம்மா. நான் சந்தைக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை. காரட்டு வாங்கி, கருவாடு வாங்கி, மூன்று மணி நேரம் கழித்து வந்தேன். அதற்குள் என் வீட்டில் என்னைக் கொன்று மாலை போட்டு, படமும் பிடித்து, மாலையைக் கழற்றி ஒளித்தும் வைத்துவிட்டார்கள். கூட வாழ்கிற மனுஷன் முன்னால் நின்று நடித்திருக்கிறார். நான் வந்த பிறகும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மாலையில் இருந்தது எங்கள் செடியில் பூத்த ரோஜா. எனக்குப் பூ தெரியாதா?

தியேட்டரில் சத்தம் அப்படியே நின்றுவிட்டது. அவ்வளவு கத்தின பிள்ளைகள். ஒருத்தன் மட்டும், "ஐயோ, போயிருச்சா" என்றான். இன்னொரு பக்கம் யாரோ "ச்சு" கொட்டினார்கள். சம்பந்தி ஜெயராணி என் கையைப் பிடித்துக்கொண்டு சிலுவை போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கே சிலுவை போடுகிறாள்.

அப்போது அந்த ஐந்து பேரில் தடியன், எல்லாவற்றுக்கும் பச்சையாகப் பேசுவானே அவன், மூட்டையை இறக்காமல் என் போட்டோவையே பார்த்துக்கொண்டு சொல்கிறான்: "அன்னைக்கு எட்டிப் பாக்குதுன்னு சிரிச்சோமேடா. கரண்ட் போச்சுன்னு மெழுகுவத்தி குடுக்க வந்திருக்கு. நாமதான் தப்பா எடுத்துக்கிட்டோம்." சொல்லிவிட்டு அழுகிறான். தியேட்டரில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது.

ஜெயராணி என் பக்கம் திரும்பி, "சம்பந்தி, அப்ப நிஜமாவே மெழுகுவத்திதான் குடுக்கப் போனீங்களா?" என்றாள்.

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்ல?"

"யாரு கேட்டீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த டீச்சர் தலையைக் குனிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இந்தப் பக்கம் ஜெனோவா என் காதில், "ம்மா, நம்ம வீட்டுல அப்பவே இன்வெர்ட்டர் இருந்துச்சே" என்றாள். பேசாமல் படத்தைப் பார் என்றேன்.

இடைவேளையில் வெளியே வந்து அந்த நாணலுக்குப் போன் போட்டேன். "ஏன்டா, உயிரோட இருக்கிறவளுக்கு மாலையா?" என்றேன். அவன் பயந்துதான் பேசினான். "பூசணிக்காய் உடைச்சு திருஷ்டி கழிச்சிட்டோம்மா, ஒண்ணும் ஆகாது" என்றான். நான் வேதக்காரி, எனக்கு எதற்குப் பூசணிக்காய்? நான் திட்டினதையெல்லாம் என்ன செய்தாய் என்று கேட்டேன். "போட்டுப் பாத்தோம்மா. நீங்க திட்டினா யாருக்கும் சிரிப்பு வரல, பயம் வருது. அதுவும் போக, உயிரோட இருந்தா இந்தக் கதைல நீங்க காமெடி. நல்ல பேரு வேணும்னு நீங்கதான கேட்டீங்க. செத்தவங்களுக்குத்தாம்மா நல்ல பேரு தர முடியும்" என்றான்.

என்ன திமிர் பார். போனை வைத்துவிட்டேன். ஊருக்குத் திரும்பினதும் பங்குச் சாமியாரிடம் எனக்காக ஒரு பூசை எழுதி வைக்கப் போகிறேன். செத்தவர்களுக்கான பூசை இல்லை, நன்றிப் பூசை. அவரும் படம் பார்த்திருப்பார், சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எழுதுவார்.

ராத்திரி மகள் வீட்டில் படுக்கும்போது என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். நன்றாகவே கேட்டேன், அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி. "போட்டோ முன்னால நின்னீங்களே, கண்ணுல தண்ணி வந்துச்சே. கிளிசரின் போட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி வந்துச்சு?"

"வந்துச்சு" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முப்பத்திரண்டு வருடக் கல்யாணத்தில் எனக்காக அந்த மனுஷன் கண்ணில் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமென்றால் ஆயிரம் பேரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? நடிப்பு நன்றாக இருக்கிறது என்று வேறு எல்லாரும் அவர் கையைக் குலுக்குகிறார்கள். அவர் நேற்றே மலைக்குப் போய்விட்டார், செடிக்குத் தண்ணீர் விட வேண்டுமாம்.

நான் நேற்றும் தங்கினேன். நேற்று மத்தியானமும் தியேட்டருக்குப் போனேன், தனியாக. முதல் நாள் அந்தப் பிள்ளைகள் நிஜமாகவே அமைதியானார்களா, இல்லை எனக்குத்தான் காது அடைத்துக்கொண்டதா என்று பார்க்க வேண்டாமா? நேற்றும் அமைதியானார்கள். நேற்று "ச்சு" இரண்டு பேர் கொட்டினார்கள். குப்பைப் படம். இந்தக் குப்பையைப் போய் இரண்டு தடவை பார்க்க வைத்துவிட்டான் பாவி.

காலையில் கிளம்பும்போது ஜெயராணி பாத்ரூம் ஜன்னல் அட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். டேப் வரவில்லை, கத்தியால் சுரண்டினாள். ஜெனோவா கிறிஸ்துமஸுக்கு இருபத்திமூன்றாம் தேதியே வருகிறாள், பேத்தியோடு. "இன்வெர்ட்டரைப் பத்தி உங்க மாமியார்ட்ட வாயைத் திறக்காத" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் சிரிக்கிறாள். சிரிக்க என்ன இருக்கிறது?

ஊத்து ஸ்டாப் வந்துவிட்டது. இங்கே டீக்குப் பத்து நிமிடம் நிற்பான். உன்னோடு வந்த பையன் இறங்குகிறான் பார். மூட்டையைக்கூட இறக்கி வைக்காமல் போகிறான், கூனன் மாதிரி. ரூம் போட்டிருக்கிறீர்களா? இல்லையா? நான் ஒன்றும் கூப்பிடவில்லை. சீசனில் கிடைக்காது, அதற்குச் சொன்னேன்.

அவன் வருவதற்குள் ஒன்று கேட்கிறேன். உன் மாமியார் பேரு என்ன?

ம்.

உதட்டைச் சுழித்தாய். கண்ணையும் மூடித் திறந்தாய். ஆனால் அது காமக்காபட்டியிலிருந்து நானே சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்த முகம். பரவாயில்லை, அந்தக் கதாநாயகியைவிட நன்றாகச் செய்கிறாய். திலகவதியா? திலகவதி. சரி. அவன் வந்ததும் அவனிடம் கேட்பேன், நீ கண்ணைக் காட்டக் கூடாது.

இருபத்திரண்டாம் தேதிக்குள் காலி செய்துவிட வேண்டும், மகள் வருகிறாள். கீழ் ரூம். காலையில் ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர். காளான் என்று கேட்டால் குழம்புதான் வரும். ஜன்னல் திரை மட்டும் இரண்டு விரல் குட்டை. அடுத்த தடவை டவுனுக்குப் போகும்போது தைக்கக் கொடுக்க வேண்டும் என்று நானும் அஞ்சு வருடமாக நினைக்கிறேன். எங்கே நேரம்.